கொடைக்கானல் குழாய்த் தண்ணீருக்கு ஆர்.ஓ. ஃபில்டர் தேவையா? டிடிஎஸ் மீட்டர் சொல்லாத பாதரசக் கதை!

கொடைக்கானலில் வீடோ ஹோம்ஸ்டேவோ வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. ஃபில்டர் விற்க ஒருவர் வருவார். பேனா மாதிரி ஒரு மீட்டரை உங்க வீட்டுத் தண்ணீரில் முக்குவார், ஒரு நம்பர் வரும். அதையே ஆர்.ஓ. தண்ணீரில் முக்கினால் அதைவிடக் குறைவான நம்பர் வரும். "பார்த்தீங்களா சார், இதைத்தான் இத்தனை நாளா குழந்தைக்குக் கொடுத்துட்டு இருக்கீங்க" என்பார். பயத்தில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் கைமாறிவிடும்.

ஆனால் அந்த மீட்டர் காட்டியது என்ன? கிருமியையா, பூச்சிமருந்தையா, இல்லை இந்த மலையின் பெயரோடு 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும் பாதரசத்தையா? மூன்றையுமே அது காட்டாது.

அப்படியானால் மலைத் தண்ணீரில் எதற்குப் பயப்படணும், எதற்குப் பயப்பட வேண்டாம், எந்த ஃபில்டர் யாருக்குத் தேவை? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி முக்கியம்?

கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. 2024-ல் இருந்து இத்தகைய பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் விதிக்கப்படுகிறது. மலையைக் காப்பாற்ற இது தேவையான நடவடிக்கைதான். ஆனால் பாட்டில் இல்லை என்றால் உள்ளூர்க்காரர்களும் சுற்றுலாப் பயணிகளும் குழாய், தண்ணீர் ஏ.டி.எம்., ஹோட்டல் ஃபில்டர் ஆகியவற்றைத்தான் நம்பியாகணும். பாட்டிலைத் தடுக்கும் ஊரில் குழாய்த் தண்ணீரின் மீது நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை ஆதாரத்தின் மேல் நிற்க வேண்டும், விற்பனையாளரின் மீட்டர் மேல் அல்ல.

கொடைக்கானலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பலரும் நினைப்பதுபோல நடுவில் இருக்கும் அந்த அழகான ஏரி நகரின் குடிநீர் ஆதாரம் அல்ல. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் காலத்தில் ஓடைகளை மறித்து உருவாக்கப்பட்ட செயற்கை ஏரி அது. நகராட்சியின் முக்கியக் குடிநீர் ஆதாரங்கள் அப்சர்வேட்டரி பகுதி நீர்த்தேக்கமும் மனோரஞ்சிதம் அணையும்தான். இவை தவிர ஊற்று, ஓடை, கிணறு ஆகியவற்றில் இருந்து நேரடியாகக் குழாய் போட்டு எடுக்கும் வீடுகளும் எஸ்டேட்டுகளும் நிறைய உண்டு.

இந்தத் தண்ணீர் எல்லாம் மழையாகப் பெய்து, சோலைக்காடு, புல்வெளி வழியாக இறங்கி வருவது. பாறையோடு அது கலந்திருக்கும் நேரம் குறைவு. அதனால் உப்பு, சுண்ணாம்புச் சத்து அதிகம் சேர்வதில்லை. சோப்பு நன்றாக நுரைப்பதும், பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு படியாததும் இதனால்தான்.

சரி, டிடிஎஸ் என்றால் என்ன?

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளின் அளவுதான் டிடிஎஸ். கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் இதில் அடக்கம். கையில் வைத்திருக்கும் மீட்டர் அந்த உப்புகளைக்கூட நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு கணக்கில் போட்டு நம்பராகக் காட்டுகிறது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. இதன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நல்ல ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. மலைத் தண்ணீர் இந்த 500-க்குப் பக்கத்திலேயே வராது. அப்படியென்றால் டிடிஎஸ் விஷயத்தில் அதில் நீக்குவதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பாதரசத்துக்கு அதே தர அளவு சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது ஒரு மைக்ரோகிராம். டிடிஎஸ் மீட்டரின் திரையில் தெரியும் '1' என்பது இதைவிட ஆயிரம் மடங்கு பெரிய அளவு. ஒரு தண்ணீரில் வரம்பைவிட நூறு மடங்கு பாதரசம் இருந்தாலும் மீட்டரில் நம்பர் மாறாது. ஈ-கோலை கிருமி கோடிக்கணக்கில் இருந்தாலும் அப்படித்தான். 'டிடிஎஸ் கம்மி, அதனால சுத்தம்' என்பதும் தப்பு, 'டிடிஎஸ் ஜாஸ்தி, அதனால விஷம்' என்பதும் தப்பு.

தண்ணீர் பழுப்பாக மாறும் அந்த 'டெமோ' என்ன?

சிலர் இரண்டு ஜோடிக் கம்பிகள் உள்ள ஒரு கருவியைக் கொண்டு வருவார்கள். உங்க குழாய்த் தண்ணீரில் வைத்து ஸ்விட்ச் போட்டதும் அது சாக்கடை மாதிரி பழுப்பாக மாறும். ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

வெளியே வந்தது உங்க தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது இந்த டெமோவைக் காட்டினால், அந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடியும் ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

பாதரசம்: கொடைக்கானலில் என்ன நடந்தது?

இனி மீட்டர் சொல்லாத கதைக்கு வருவோம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணம் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் செயின்ட் மேரிஸ் சாலையில் தொடங்கிய அந்த ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர், அதாவது இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர் வசம் வந்தது. பாதரசம் நிரப்பிய காய்ச்சல் மானிகள் இங்கே தயாராகி வெளிநாடுகளுக்குப் போயின.

2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் டன் கணக்கில் குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். சாக்குகள் கிழிந்து, திறந்தவெளியில், பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் இருக்கும் பகுதியில் அவை கிடந்தன. நூற்றுக்கணக்கானோர் திரண்டு போராடினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவும் பாதரசம் கலந்த பொருட்களும் சுத்திகரிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன.

ஆலையில் வேலை பார்த்தவர்கள் சிறுநீரகப் பாதிப்பு, நரம்புப் பிரச்சினை எனப் பல நோய்களைச் சொல்லி 15 ஆண்டுகள் போராடினார்கள். 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ இந்தப் பிரச்சினையை உலகம் முழுக்கக் கொண்டு போனது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரச ஒப்பந்தம் செய்துகொண்டது. தங்கள் ஆலையால் தொழிலாளர்களின் உடல்நலம் கெட்டதாக ஆதாரம் இல்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆனால் ஆலை வளாகத்து மண்ணுக்குள் போன பாதரசத்தோடு சமரசம் செய்ய முடியாதே. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்யணும் என்பதில்தான் நீண்ட சண்டை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவை நிறுவனம் நிபுணர் அறிக்கைகளைக் காட்டி முன்வைத்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதை ஏற்றது. போராட்டக்காரர்களோ பிரிட்டனில் குடியிருப்பு மண்ணுக்கான வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம்தான் என்று கேட்டார்கள். பிரிட்டனின் அந்த அளவு தனிம நிலைப் பாதரசத்துக்கானது, பாதரசத்தின் வடிவம் மாறினால் அளவும் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆலை இருந்த மேட்டின் சரிவு பாம்பார் சோலைக்குள் இறங்குகிறது. பாம்பாறு அங்கிருந்து மலையில் இறங்கி, பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவியாக விழுகிறது. அதெல்லாம் வைகை வடிநிலம். அதனால் இது ஒரு சுற்றுலா ஊரின் பிரச்சினை மட்டும் இல்லை.

ஏரித் தண்ணீரில் எவ்வளவு பாதரசம் இருந்தது?

அணுசக்தித் துறையின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஆய்வு மையம் ஒன்றின் விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரி, பேரிஜம் ஏரி, கூக்கால் ஏரி ஆகியவற்றில் மாதிரி எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2006-ல் வெளியானது. கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. அதில் சுமார் 50 நானோகிராம் மெத்தில் பாதரசம். பேரிஜத்திலும் கூக்காலிலும் இதைவிட மிகக் குறைவு. ஏரியின் அடிவண்டலிலும் மீன்களிலும்கூடப் பாதரசம் பதிவானது.

இந்த நம்பரை எப்படிப் புரிந்துகொள்வது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

குடிநீர் வரம்பு லிட்டருக்கு 1,000 நானோகிராம். ஏரியில் இருந்ததோ அதில் பாதிக்கும் குறைவு. 'அப்போ பிரச்சினையே இல்லையே' என்று தோன்றும். ஆனால் மாசுபடாத ஏரிகளில் சாதாரணமாக ஒரு சில நானோகிராம்தான் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் கொடைக்கானல் ஏரி தெளிவாகவே மாசுபட்டிருந்தது. இரண்டு ஒப்பீடும் உண்மைதான், அவை வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

முக்கியமான விஷயம் மெத்தில் பாதரசம். ஆக்சிஜன் இல்லாத ஏரிச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை இந்த வடிவத்துக்கு மாற்றுகின்றன. பாசியில் ஏறி, பூச்சியில் ஏறி, சின்ன மீனில் இருந்து பெரிய மீனுக்குப் போகும்போது இதன் அளவு படிப்படியாகப் பெருகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிவந்த பெருந்துயரமும் இப்படித்தான் நடந்தது. அங்கே மக்களைச் சாய்த்தது குடித்த தண்ணீர் அல்ல, சாப்பிட்ட மீனும் சிப்பியும்தான். கர்ப்பிணியின் உடலில் சேரும் மெத்தில் பாதரசம் கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும்.

இதில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: பாதரச விஷயத்தில் கவனிக்க வேண்டிய வழி, குழாயைவிட ஏரி மீன்தான். ஏரி மீனை அடிக்கடி சாப்பிடும் வீட்டில் சமையலறை ஃபில்டரால் ஒரு பயனும் இல்லை.

அப்படியானால் குழாய்த் தண்ணீரில் பாதரசம் இருக்கா?

இருக்கும் தகவலை வைத்து நிதானமாக யோசிப்போம். ஆலைக்கு அருகில் இருந்த ஏரியிலேயே அன்று குடிநீர் வரம்பைவிடக் குறைவாகத்தான் இருந்தது. நகராட்சித் தண்ணீர் ஏரியில் இருந்து வருவதில்லை. தள்ளி இருக்கும் பேரிஜத்திலும் கூக்காலிலும் அளவு இன்னும் குறைவு. ஆகவே, நகராட்சிக் குழாய் வைத்திருப்பவர்கள் பாதரச பயத்தில் மட்டும் ஆர்.ஓ. வாங்குவதற்குக் காரணம் இல்லை.

ஆனால் அந்த ஆய்வு வெளியானது 2006-ல். பழைய ஆலையின் சரிவுக்குக் கீழே இருக்கும் ஊற்றையோ ஓடையையோ நேரடியாகக் குடிநீராகப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சமாதானம் போதாது. அவர்களுக்குத் தேவை ஒரு ஆய்வக முடிவு. எப்படிச் சோதிப்பது என்பதைக் கீழே சொல்கிறோம்.

மலையில் அன்றாட ஆபத்து எது?

கிருமிதான். கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வருவது இதில் இருந்துதான்.

மலையில் வீடுகளும் விடுதிகளும் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பவரின் செப்டிக் டேங்க் கசிந்தால் கீழே இருப்பவரின் ஊற்றில் கலக்கும். சீசன் நேரத்தில் கூட்டம் பல மடங்காகும்போது கழிவும் பல மடங்காகும். குடிநீர்க் குழாயில் நாள் முழுக்க அழுத்தம் இல்லாமல், விட்டு விட்டுத் தண்ணீர் வரும்போது, காலியான குழாய் உடைப்பு வழியாக வெளி அழுக்கை உறிஞ்சும். மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கி வந்தால் குளோரினும் சரியாக வேலை செய்யாது.

தர அளவு இதில் மிகக் கறார். 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ-கோலைகூட இருக்கக் கூடாது.

அடுத்தது விவசாயம். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் சரிவு நிலத்தில் விளைகின்றன. உரமும் பூச்சிமருந்தும் மழையில் கழுவி ஓடைக்கு வர வாய்ப்பு உண்டு. தோட்டத்துக்குக் கீழே ஊற்று வைத்திருப்பவர்கள் நைட்ரேட் அளவைப் பார்ப்பது நல்லது. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

கொதிக்க வைத்தால் போதாதா?

கிருமிக்குப் போதும். ஆனால் மலையில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று கொடைக்கானல் வீடுகளில் சொல்வது இதனால்தான். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சுமார் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடணும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. குமிழி வந்ததும் அடுப்பை அணைக்காதீங்க.

கொதிக்க வைப்பது நைட்ரேட்டையும் ஃப்ளோரைடையும் உலோகங்களையும் நீக்காது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடவே செய்யும்.

எந்த ஃபில்டர் எதை நீக்கும்?

- செடிமென்ட் ஃபில்டர்: மண், துரு, கலங்கல். கிருமிக்கு இது மட்டும் போதாது. மற்ற ஃபில்டர்களைக் காப்பாற்றும் முதல் காவலாளி.
- கார்பன் ஃபில்டர்: குளோரின் வாடை, பல பூச்சிமருந்துகள், இலைச் சத்து கலந்த நிறம். உலோகங்களை ஓரளவுக்குப் பிடிக்கும். நிரம்பிவிட்டால் பிடிக்காது, அதனால் நேரத்துக்கு மாற்றணும்.
- யூ.எஃப். ஃபில்டர்: பாக்டீரியா, கலங்கல். மின்சாரம் வேண்டாம். வைரஸ் விஷயத்தில் முழு உத்தரவாதம் இல்லை.
- யூ.வி. ஃபில்டர்: பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் செயலிழக்கச் செய்யும். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் ஒளி ஊடுருவும், அதனால் முன்னால் செடிமென்ட் ஃபில்டர் கட்டாயம். ரசாயனம் எதையும் நீக்காது.
- ஆர்.ஓ. ஃபில்டர்: உப்பு, ஃப்ளோரைடு, நைட்ரேட், பாதரசம் உள்ளிட்ட உலோகங்களில் பெரும்பகுதி. கூடவே கால்சியம், மெக்னீசியமும் போய்விடும். ஒரு லிட்டருக்குச் சாதாரணமாக இரண்டு மூன்று லிட்டர் வீணாகும்.

கடைகளில் 'ஆர்.ஓ. பிளஸ் யூ.வி. பிளஸ் டிடிஎஸ் கண்ட்ரோலர்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கண்ட்ரோலர் என்ன செய்கிறது தெரியுமா? ஆர்.ஓ. வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்து ருசியைச் சரி செய்கிறது. பாதரசமோ ஃப்ளோரைடோ இருக்கும் தண்ணீரில் அதையும் சேர்த்தே கலக்கிறது. குறிப்பிட்ட ஒரு ரசாயனத்துக்காக ஆர்.ஓ. வாங்குபவர்கள் இந்தத் திருகை மூடி வைக்கணும்.

மலையில் ஆர்.ஓ. ஏன் யோசிக்க வேண்டிய விஷயம்?

2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டது. டிடிஎஸ் 500-க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் 60 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீரை மீட்பதைக் கட்டாயமாக்கவும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தை அது கேட்டது. தேவையே இல்லாத இடத்தில் ஆர்.ஓ. மாட்டினால் தண்ணீரும் வீண், தாதுக்களும் வீண் என்பதே அதன் அடிப்படை.

மலைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். கோடைச் சீசனில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில், ஒரு குடம் குடிக்க இரண்டு குடத்தைச் சாக்கடையில் விடுவது யாருக்கு நல்லது? அதுவும் நீக்க உப்பே இல்லாத தண்ணீரில்!

மலைக்குக் கீழே கதை வேறு

இதே அளவுகோலை அப்படியே சமவெளிக்குக் கொண்டு போகக் கூடாது. திண்டுக்கல் நகரைச் சுற்றி தோல் பதனிடும் ஆலைகளால் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பாகிப் போனது பழைய துயரம். நிலக்கோட்டை வட்டாரம் உட்பட திண்டுக்கல் மாவட்டத்தின் சில பகுதிகளில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு பிரச்சினை உண்டு. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை, பிறகு எலும்பில் பாதிப்பு வரும். அங்கே ஆர்.ஓ. அர்த்தமுள்ள செலவு.

பழனிக்காரர்களுக்குப் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, பெரியகுளத்துக்காரர்களுக்குச் சோத்துப்பாறை. இந்த அணைகளுக்கு வருவதும் இதே மலையின் தண்ணீர்தான். குழாயில் அணைத் தண்ணீர் வந்தால் ஒரு முடிவு, வீட்டு போர்வெல் என்றால் வேறு முடிவு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு ஃபில்டர் சரியாக இருக்கலாம்.

யாருக்கு எது சரி?

1. கொடைக்கானல் நகராட்சிக் குழாய்: செடிமென்ட், கார்பன், யூ.வி. மூன்றும் சேர்ந்தது போதும். கரன்ட் அடிக்கடி போகும் இடம் என்றால் யூ.எஃப். வைத்து, குழந்தைகளுக்கு மட்டும் கொதிக்க வைக்கலாம். ஃபில்டர் வாங்க வசதி இல்லை என்றால், துணியில் வடிகட்டி மூன்று நிமிடம் கொதிக்க வைத்தாலே கிருமி ஆபத்து போய்விடும்.
2. தோட்டத்துக்குக் கீழே ஊற்று, ஓடை: முதலில் கிருமி, நைட்ரேட் சோதனை. நைட்ரேட் வரம்புக்குள் இருந்தால் கார்பனும் யூ.வி.யும். தாண்டினால் ஆர்.ஓ.
3. பழைய ஆலைச் சரிவுக்குக் கீழே சொந்த ஊற்று: பாதரசச் சோதனை முடிவு வரும் வரை நகராட்சித் தண்ணீரைக் குடிப்பது நல்லது.
4. சமவெளி போர்வெல்: டிடிஎஸ், கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் பார்த்துவிட்டு ஆர்.ஓ. பற்றி முடிவெடுங்கள்.
5. ஹோட்டல், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள்: ஃபில்டரை மாட்டியதோடு வேலை முடியவில்லை. மேல்தொட்டியைக் கழுவிய தேதி, ஃபில்டர் மாற்றிய தேதி இரண்டையும் விருந்தினர் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். வீட்டு ஆர்.ஓ.வுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 16240. மாற்று கார்ட்ரிட்ஜ் விலையையும் சர்வீஸ் கொடைக்கானல் வரை வருமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆள் வராததால் மாற்றாமல் விட்ட ஃபில்டர், ஃபில்டர் இல்லாததைவிட மோசம். உள்ளே கிருமி குடியேறிவிடும்.

சோதனை செய்வது எப்படி?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. பொதுமக்களும் கட்டணம் செலுத்தி மாதிரி கொடுக்கலாம். அடிப்படைச் சோதனையில் டிடிஎஸ், கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி எல்லாம் தெரிந்துவிடும்.

பாதரசம் அப்படி இல்லை. மைக்ரோகிராம் அளவை அளக்கத் தனிக் கருவி தேவை. அதனால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் 'பாதரசம்' என்று தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். மாதிரி எடுக்கும் பாட்டிலையும் அவர்களிடமே வாங்குங்கள், அமிலம் சேர்த்து வைக்காவிட்டால் பாதரசம் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், முடிவு குறைவாக வரும். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கணும்.

மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை நடுவில் ஒரு தடவை. இரண்டும் பார்த்தால் உங்க ஆதாரத்தின் குணம் புரிந்துவிடும். பக்கத்து நாலு வீடு சேர்ந்து ஒரே ஊற்றைப் பயன்படுத்தினால் செலவையும் பகிர்ந்துகொள்ளலாம்.

யூ.வி. விளக்குக்குள்ளும் பாதரசம்!

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இது. வீட்டு யூ.வி. ஃபில்டர்களில் இருக்கும் குழல் விளக்கு பெரும்பாலும் பாதரச ஆவி விளக்கு. அளவு சில மில்லிகிராம்தான், தண்ணீரில் கலக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் சுமார் வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் அந்த விளக்கைக் குப்பையில் போட்டால்? சோலை ஓரத்தில் உடைந்து கிடந்தால்? ஒரு தெர்மாமீட்டர் ஆலையால் பட்டது போதும்.

பழைய விளக்கை அட்டைப்பெட்டியில் வைத்து, சர்வீஸ் ஆளிடமோ மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். வீட்டில் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் எடுங்கள். புதிதாக வாங்குபவர்கள் பாதரசம் இல்லாத எல்.இ.டி. யூ.வி. மாடல் இருக்கிறதா என்று கேட்கலாம்.

வீட்டு ஃபில்டரோடு கடமை முடிந்ததா?

கொடைக்கானல் ஆலையை நடத்திய அதே இந்துஸ்தான் யூனிலீவர்தான் 'ப்யூரிட்' என்ற பெயரில் வீட்டுத் தண்ணீர் ஃபில்டர்களையும் விற்று வந்தது. 2024-ல் அந்தத் தொழிலை 601 கோடி ரூபாய்க்கு ஏ.ஓ.ஸ்மித் நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. இரண்டு தொழிலுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் நம் காலத்தில் தண்ணீர் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். மாசு பொதுவில் நடக்கிறது, சுத்தம் செய்யும் செலவு மட்டும் ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்கும் வந்து சேர்கிறது.

ஃபில்டர் வாங்க முடிந்தவர் தப்பிப்பார். வாங்க முடியாத கூலித் தொழிலாளியின் குழந்தை அதே குழாயில்தான் குடிக்கும். ஓடைக்கும் மீனுக்கும் சோலைக்கும் ஃபில்டரே கிடையாது.

அதனால் கேட்க வேண்டியது சின்ன விஷயம்தான். கொடைக்கானலின் நீர்த்தேக்கங்கள், தண்ணீர் ஏ.டி.எம்.கள், ஏரி, பாம்பாறு இவற்றின் தண்ணீர்ச் சோதனை முடிவுகளை, பாதரசம் உட்பட, குறிப்பிட்ட இடைவெளியில் பொதுமக்கள் பார்க்கும்படி நகராட்சி அலுவலகத்திலும் இணையத்திலும் வெளியிடட்டும். ஏரி மீனையும் சேர்த்துச் சோதிக்கட்டும். அந்த ஒரு காகிதம் கையில் இருந்தால், மீட்டரோடு வாசலில் நிற்பவரிடம் நீங்களே சொல்லலாம்: "எங்க தண்ணியில என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும் சார், வேண்டாம்."